நாகர்கோவில் ரேந்தைப் பின்னல்

நாகர்கோவில் ரேந்தைப் பின்னல் என்பது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அன்று திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில், இலண்டன் மிசன் சங்கத்தின் பெண்கள் விடுதிப் பள்ளியில் கற்பிக்கப்பட்ட கைத்தொழில் ஆகும். லேஸ் எனப்படும் நூல்வலைப் பின்னலுக்குத் தமிழில் வழங்கும் பெயரே ரேந்தை. இச்சொல் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது. ஏழைச் சிறுமியருக்கு எழுத்தோடு தொழிலையும் கற்பித்த முயற்சிகளுள், தென் தமிழகத்தில் காலத்தால் முந்தியவற்றுள் இது ஒன்று.

தோற்றம்

1819இல் சார்ல்ஸ் மீட்டின் மனைவி யோவானா மீட் இப்பள்ளியைத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் கணவர் சார்ல்ஸ் மால்ட்டுடன் வந்து சேர்ந்த மார்த்தா மால்ட், சில ஆண்டுகளில் ரேந்தைப் பின்னலைப் பாடத்தில் சேர்த்தார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் அவர் அங்கேயே பணிபுரிந்தார். இப்பள்ளி பிற்காலத்தில் டதி பெண்கள் பள்ளி எனப் பெயர் பெற்றது.

பின்னும் முறை

இறுக அடைத்த தலையணை மீது, துளையிட்ட வடிவத்தாள் பொருத்தப்படும். துளைகளில் குண்டூசிகள் குத்தப்படும். நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணை இணையாகக் கையிலெடுத்து, குறுக்கே மாற்றியும் முறுக்கியும் ஊசிகளைச் சுற்றிப் பின்னிச் செல்வர். அகன்ற வேலைக்குக் கட்டைகளின் எண்ணிக்கை மிகும்; எந்த இணை எங்குச் செல்ல வேண்டும் என்பதை நினைவில் வைப்பதே கடினம். தறியோ தனிக் கூடமோ வேண்டாம். ஆதலால் மணமான பின்னும் பெண்கள் தம் வீட்டிலிருந்தே இத்தொழிலைத் தொடர முடிந்தது.

கூலியும் விடுதலையும்

திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன் இப்பள்ளியில் பயின்றவருள் அடிமைக் குடும்பத்துச் சிறுமியரும் இருந்தனர். பின்னலுக்குக் கிடைத்த கூலியைச் சேமித்து, உடைமையாளரிடம் பணம் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றவர் சிலர். இத்தொழிலின் வரலாற்றில் முதன்மையாகக் கூறத்தக்க செய்தி இதுவே எனலாம். எனினும் மிசன் வரலாறுகள் பாதிரிமாரின் பெயர்களையும், அடுத்த நிலையில் அவர்தம் மனைவியரின் பெயர்களையும் கூறுகின்றனவேயன்றி, பின்னிய சிறுமியரின் பெயர்களைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

பயிற்சி வருவாயாக மாறியதற்குக் காரணம், நூல், வடிவத்தாள், விற்பனை ஆகிய மூன்றையும் பள்ளியே ஏற்றுக்கொண்டமை ஆகும். இந்தியாவிலிருந்த ஐரோப்பியரும் இங்கிலாந்திலிருந்தோரும் ரேந்தையை வாங்கினர். விற்பனையில் ஒரு பகுதி பள்ளியின் செலவுக்கும் உதவியது. ஆனால் உள்ளூரில் இதனை அணிவோர் மிகக் குறைவு. வாங்குவோர் தொலைவில் இருந்தமையால், வடிவத்தையும் விலையையும் பின்னுவோர் தாமே முடிவு செய்ய இயலவில்லை. ரேந்தை நெய்யும் இயந்திரத்துக்கு ஜான் ஹீத்கோட் 1809இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

பரவல்

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள இடையன்குடிக்குச் சென்றார். நாகர்கோவிலில் வளர்ந்த இவர் தமிழை இயல்பாகப் பேசக்கூடியவர். இடையன்குடியில் பெண்கள் விடுதிப் பள்ளியை நிறுவி, அங்கும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். தேரிமணல் சூழ்ந்த அப்பகுதியில் பனைத்தொழில் பருவத்தைச் சார்ந்தது; பனையேறும் குடும்பங்களின் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் வீட்டிலிருந்தே கூலி பெறும் வழியாயிற்று.