பால்வெட்டும் பள்ளித் திறப்பும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்தது நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டம். நெய்யாறு அணையை ஒட்டிய கள்ளிக்காடு முதல் தமிழ்நாட்டு எல்லையைத் தொடும் பாறசாலை வரையுள்ள பல ஊர்கள் இதில் அடங்கும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, உறவையும் சந்தையையும் பிரிக்கவில்லை. ஆகவே இவ்வூர்களில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 93 விழுக்காடு. அண்டையிலுள்ள கன்னியாகுமரியில் ஏறத்தாழ 92 விழுக்காடு.

கல்வியில் நாட்டம் குறைவில்லை எனில், குடும்பங்களுக்கு இடர் எங்கே எழுகிறது? வருவாய் வரும் காலமும் செலவு வரும் காலமும் பொருந்தாமையே அது.

மலையோர ஊர்களில் ரப்பர், மரச்சீனி, வாழை, தென்னை ஆகியவை முதன்மைப் பயிர்கள். பாலராமபுரத்தில் கைத்தறி நெசவு வாழ்வளிக்கிறது. அங்குள்ள நெசவாளர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ரப்பர்ப் பால் மிகுதியாகக் கிடைப்பது அக்டோபர் முதல் ஜனவரி வரை. இலையுதிர்ந்து தளிர்க்கும் பருவத்தில் பால் குறையும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், மழைமறைப்புக் கட்டாத மரங்களில் பால்வெட்டு நின்றுவிடும். கைத்தறி ஆடைகளுக்கோ ஓணத்தையொட்டியே விற்பனை பெருகும். பள்ளி திறப்பதோ ஜூன் மாதத்தில். பை, குடை, காலணி, வாகனக் கட்டணம் என எல்லாச் செலவும், கையில் பணம் மிகக் குறைந்த அந்த வாரங்களிலேயே வந்து சேர்கின்றன. அப்போது வாங்கும் கைமாற்றுக் கடனின் வட்டி ஓணம் வரை தொடர்கிறது.

இதற்குத் தீர்வு நாட்காட்டியிலேயே உள்ளது. மாதந்தோறும் ஒரே தொகை செலுத்தும் தொடர் வைப்பு, சம்பளக்காரர்க்கு ஏற்றது. பருவ வருவாய் உடையோர், ஓணத்திற்குப் பின்னும் பால் மிகுந்த மாதங்களிலும் சிறு சிறு தொகைகளை, மே மாதத்தில் முதிர்வுறும் குறுகியகால வைப்புகளாக இடலாம். அவற்றை இடையில் முறித்தால் வட்டி குறையக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் தொடங்கும் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் இத்தகைய குடும்பங்களுக்குப் பொருந்தும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிக அளவாக 1.5 இலட்சம் ரூபாய் செலுத்தலாம். எந்த மாதத்தில் செலுத்துவது என்பது உங்கள் விருப்பம். 18 வயது நிறைந்தபின் அல்லது பத்தாம் வகுப்புத் தேறியபின், உயர்கல்விக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

வருவாய் எவ்வளவு என்பதோடு, அது எம்மாதத்தில் வருகிறது என்பதையும் கிளை அலுவலரிடம் கூறுங்கள். வைப்பின் காலத்தை அதற்கேற்ப வகுத்துக்கொண்டால், ஜூன் மழையில் உங்கள் பிள்ளை கடனில்லாக் குடையின் கீழ்ப் பள்ளிக்குச் செல்லும்.