ஒரே குர்த்தி, இரு தோற்றம்: குறை உடலிலா, அளவு அட்டவணையிலா?

புனே: புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றை ஒட்டியுள்ள கராடி, இயான் ஐடி பார்க், வேர்ல்ட் டிரேட் சென்டர் ஆகியவற்றால் அறியப்படும் தகவல் தொழில்நுட்ப மையமாகும். தமிழகம் உட்பட நாட்டின் பல மாநிலங்களைச் சேர்ந்த இளைஞர்கள் இங்கு பணியாற்றி வருகின்றனர். இத்தகைய பகுதிகளில் இணையம் வழியாக ஆடை வாங்குவதும், ஒரே ஆடையை 'எம்', 'எல்' என இரு அளவுகளில் வரவழைத்துப் பொருந்தாததைத் திருப்பி அனுப்புவதும் அன்றாட வழக்கமாகிவிட்டன.

செயலியில் நேர்த்தியாகத் தெரிந்த குர்த்தி, அணிந்து கண்ணாடி முன் நிற்கும்போது அவ்வாறு தோன்றாவிட்டால், பலரும் முதலில் குறை காண்பது தம் உடலில்தான். ஆனால், ஆயத்த ஆடைகள் உருவாகும் முறையைக் கவனித்தால், அந்தக் குறையின் பெரும்பகுதி ஆடை தைக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுவது புலப்படும்.

மாதிரி அளவு என்றால் என்ன?

ஒரு புதிய ஆடை முதலில் ஒரே ஓர் அளவில்தான் உருவாக்கப்படுகிறது. பெரும்பாலும் சிறிய அல்லது நடுத்தர அளவிலான இந்த மாதிரியை ஒருவருக்கு அணிவித்து, தோள், கழுத்து, இடுப்பு ஆகிய இடங்களில் திருத்தங்கள் செய்யப்படுகின்றன. மாதிரி இறுதி செய்யப்பட்ட பின், குறிப்பிட்ட அங்குலங்களைக் கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளுக்கான பேட்டர்ன் தயாராகிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. மனித உடல் எல்லா இடங்களிலும் ஒரே விகிதத்தில் பெருப்பதில்லை. எடை கூடும்போது வயிறும் இடுப்பும் மேற்கையும் பெருக்கின்றன. தோள் எலும்பின் அகலமோ உயரமோ அதற்கேற்பக் கூடுவதில்லை. ஆனால் 'எக்ஸ்எல்', 'டபுள் எக்ஸ்எல்' ஆடைகளில் தோளும் கழுத்தும் சேர்ந்தே அகலமாகின்றன. இதனால் வயிற்றுப் பகுதியில் துணி இழுபட, தோள் தையல் கைக்கு இறங்கி, கழுத்து தளர்ந்து தொங்குகிறது. மெலிந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பவருக்கு அகலம் பொருந்தினால் கையின் நீளம் போதாமல் போகிறது.

வடிவமைப்பாளர் எண்ணிய தோற்றம் அந்த மாதிரி அளவுக்கு உரியது. அதிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, அதே ஆடை நாகரிகத்தை இழந்தது போல் தோன்றத் தொடங்குகிறது. விளம்பரப் படங்களில் இந்த இடைவெளி தெரிவதில்லை. படப்பிடிப்பின்போது ஆடையின் பின்புறம் கிளிப்புகள் பொருத்தி இறுக்குவது அத்துறையில் வழக்கமான நடைமுறையாகும்.

அளவுகள் வந்த வழி

புடவை, வேட்டி, 'நவ்வாரி' எனப்படும் மகாராஷ்டிரத்தின் ஒன்பது கஜப் புடவை ஆகியவற்றுக்கு 'எஸ்', 'எம்' என்ற அளவுகள் இல்லை. மடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ எந்த உடலுக்கும் அவற்றை அமைத்துக்கொள்ளலாம். தைத்த ஆடைகளுக்கோ, தையற்காரர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்தார். ஆயத்த ஆடைகள் பரவியபோதுதான் உடல் ஆடையின் அளவுக்குப் பொருந்த வேண்டிய நிலை உருவானது.

அமெரிக்காவில் 1939-40ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு வேளாண் துறை சார்பில் சுமார் 15,000 பெண்களின் உடல் அளவுகள் எடுக்கப்பட்டன. முடிவுகள் 1941இல் வெளியாயின. அவற்றில் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. இதன் அடிப்படையில் 1958இல் வகுக்கப்பட்ட தர அளவு 1983இல் கைவிடப்பட்டது. அதன் பின் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவைப் பின்பற்றத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் 'எம்' மற்றொன்றின் 'எல்' ஆக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்தியாவுக்கெனத் தனி அளவு

இந்திய ஆடைச் சந்தையில் நீண்டகாலமாகப் பின்பற்றப்படுபவை அமெரிக்க, பிரிட்டன், ஐரோப்பிய அளவுகளைத் தழுவியவை. உலகச் சந்தைக்குப் பின்னலாடைகளை அனுப்பும் திருப்பூரும் வெளிநாட்டு வாங்குவோர் தரும் அளவு அட்டவணைப்படியே தைத்து வருகிறது.

இந்நிலையில், இந்தியர்களுக்கான அளவு அட்டவணையை உருவாக்கும் திட்டத்தை 2018ஆம் ஆண்டு மத்திய ஜவுளி அமைச்சகம் அறிவித்தது. தேசிய ஆடை வடிவமைப்பு தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) இதனைச் செயல்படுத்துகிறது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 ஆண்கள் மற்றும் பெண்களை முப்பரிமாண ஸ்கேனர்கள் மூலம் அளவிடுவது இதன் இலக்கு. இதற்காக டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்கள் தேர்வு செய்யப்பட்டன. புனேயும் சென்னையும் பட்டியலில் இடம்பெறவில்லை; மேற்கு மண்டலத்துக்கு மும்பையும், தெற்கு மண்டலத்துக்கு பெங்களூருவும் தேர்வாகின.

விற்பனையாகும் ஆடைகளில் 20 முதல் 40 சதவீதம் வரை திருப்பி அனுப்பப்படுவதாகவும், பொருத்தமின்மையே அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுவதாகவும் அப்போது அரசு சுட்டிக்காட்டியது.

இந்தியர்களின் உடல் அளவில் உள்ள வேறுபாடும் சிறிதல்ல. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 18.7 சதவீதத்தினர் இயல்பைவிட மெலிந்தவர்கள். தமிழகத்தில் அதிக எடை கொண்ட பெண்களின் விகிதம் 40.4 சதவீதம். அதாவது, பத்தில் நால்வர் ஆடை அட்டவணையின் ஓரத்தில் நிறுத்தப்படுகின்றனர்.

குறுக்குக் கோடுகள் பருமனாகக் காட்டுமா?

பருமனானவர்கள் குறுக்குக் கோடுள்ள ஆடைகளைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரை பரவலானது. ஆனால் குறுக்குக் கோடுகளால் ஆன சதுரம் உண்மையில் உயரமாகவும் குறுகலாகவும் தோன்றும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எடுத்துக்காட்டினார். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்விலும், குறுக்குக் கோடுகள் உடலைப் பருமனாகக் காட்டுவதில்லை எனத் தெரியவந்தது. எனவே கோட்டின் திசையைவிட ஆடையின் பொருத்தத்தைக் கவனிப்பதே பயன் தரும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* மார்பு, இடுப்பு, புட்டம் ஆகியவற்றின் சுற்றளவை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளலாம். 'எம்', 'எல்' என்ற எழுத்துகளைவிட இந்த எண்களே நம்பகமானவை.

* அட்டவணையில் தரப்பட்டுள்ளது உடலின் அளவா, ஆடையின் அளவா எனப் பார்க்க வேண்டும். அசைவுக்காக ஆடையில் சில அங்குலம் தளர்வு விடப்பட்டிருக்கும்.

* கடையில் அணிந்து பார்க்கும்போது, தோள் தையல் தோள் எலும்பின் முனையில் அமைகிறதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பின்னர் திருத்துவதற்கு மிகக் கடினமான இடம் தோள்தான்.

* உடலின் அகலமான பகுதிக்குப் பொருந்தும் அளவை வாங்கி, இடுப்பையும் நீளத்தையும் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் குறைவே.

இந்திய உடல்களை அளந்து உருவாகும் அட்டவணை எல்லா நிறுவனங்களின் பொதுவழக்காகும் வரை, 'எக்ஸ்எல்' என்ற எழுத்து அந்நிறுவனத்தின் கணக்கையே குறிக்கும். அணிபவரின் அழகையோ உடல் நலத்தையோ அது குறிப்பதில்லை.