ஹன்டர் பள்ளத்தாக்கு: கரிக்கு மேலே குதிரைமசால்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னி நகருக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் ஹன்டர் ஆறு கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்தில் உள்ள நியூகாசில், நிலக்கரி ஏற்றுமதியில் உலகப் பெயர் பெற்ற துறைமுகம். 2019-ம் ஆண்டில் மட்டும் 16 கோடி டன்னுக்கு மேல் கரி இங்கே கப்பல் ஏறியது.

துறைமுகத்திலிருந்து ஆற்றை ஒட்டி உள்நாட்டுக்குள் சென்றால் காட்சி மாறுகிறது. வண்டல் கரைகளில் குதிரைமசால் வளர்கிறது. கறவை மாடுகளும் இறைச்சி மாடுகளும் மேய்கின்றன. திராட்சைத் தோட்டங்களும் பந்தயக் குதிரைப் பண்ணைகளும் இருக்கின்றன. இவற்றுக்கு நடுநடுவே ஓர் ஊரையே உள்ளே வைக்கலாம் போன்ற பெரும் பள்ளங்கள். மேலே இருப்பது குடியானவருக்கு, கீழே இருப்பது சுரங்கக்காரருக்கு என்ற நிலை அங்கே நெடுங்காலம் இருந்தது. மேலே இருப்பதை அப்புறப்படுத்திவிட்டுக் கீழே இருப்பதை எடுக்கும் முறை வந்தபோதுதான் தகராறு முற்றியது.

கைதிகள் வெட்டிய கரி

அந்த மண்ணின் பூர்வ குடிகளான அவபகல் மக்களுக்கு நிலக்கரி புதிதல்ல. தங்கள் மொழியில் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். வெள்ளையர் கண்ணில் அது பட்டது 1797-ல். தப்பியோடிய கைதிகளைத் தேடி வந்த ஜான் ஷார்ட்லண்ட் என்ற கடற்படை அதிகாரி, ஆற்று முகத்துவாரத்தில் கரியைக் கண்டார். கடலோரப் பாறைச் சரிவில் கரிப் படுகை வெளியே தெரிந்ததால் தோண்டிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1799-ல் ஒரு கப்பல் கரி ஏற்றுமதி ஆனது. அது போய்ச் சேர்ந்த இடம் நம் நாட்டு வங்காளம்.

1804-ல் நியூகாசிலில் கைதிகள் குடியேற்றம் நிலையாக அமைந்தது. மீண்டும் குற்றம் செய்தவர்களை அங்கே அனுப்பிக் கரி வெட்ட வைத்தார்கள். 1820-களில் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பள்ளத்தாக்கை விவசாயத்துக்குத் திறந்தார்கள். வொனருவா மக்களின் வேட்டை நிலங்கள் பெரும் பண்ணைகளாகப் பங்கு போடப்பட்டன. கோதுமை, மக்காச்சோளம், புகையிலை, திராட்சை எல்லாம் பயிரிட்டுப் பார்க்கப்பட்டன.

இந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கம்பளிக்காக ஆடு வளர்க்கவென்று 1824-ல் லண்டனில் ஆஸ்திரேலிய விவசாயக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதற்குப் பத்து லட்சம் ஏக்கர் நிலம் வழங்க அரசு இசைந்தது. போதாததற்கு, நியூகாசில் கரி வெட்டும் ஏகபோக உரிமையும் அதன் கைக்கு வந்தது. பெயரில் விவசாயம், வருமானத்தில் கரி! மற்றவர்கள் எதிர்த்து நின்றதில் 1847-ல் அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. கம்பெனி பிற்காலத்தில் கரித் தொழிலிலிருந்து விலகி, இன்று மாடு வளர்க்கும் நிறுவனமாக நடக்கிறது.

நிலத்தடியில் நடந்த காலம்

1886-ல் புவியியல் நிபுணர் எட்ஜ்வொர்த் டேவிட், மெய்ட்லண்ட் நகருக்குத் தெற்கே கிரெட்டா கரிப் படுகையின் போக்கைக் கண்டறிந்தார். தடித்த, உயர்ந்த ரகக் கரி. செஸ்நாக், கர்ரி கர்ரி முதலிய ஊர்கள் அதை நம்பி வளர்ந்தன. கிணறு போல் இறங்கி, உள்ளே குடைந்து எடுத்த காலம் அது. சில இடங்களில் மண் உள்வாங்கினாலும் மேலே புல் இருந்தது, மாடு இருந்தது. சுரங்க ஊர்கள் பாலுக்கும் காய்கறிக்கும் நல்ல சந்தையாகவும் இருந்தன.

தொழிலாளர் நிலைதான் மோசம். 1929-ல் கூலியைக் குறைக்க உடன்படாத சுமார் 10,000 பேரைச் சுரங்க முதலாளிகள் வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். டிசம்பர் 16-ம் தேதி ராத்பரி சுரங்கத்தில் போலீசார் சுட்டதில் நார்மன் பிரவுன் என்ற இளம் தொழிலாளி இறந்தார். கதவடைப்பு 1930-ல் முடிந்தபோது, தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கே வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

நிலத்தோடு போகும் சுரங்கம்

பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், சிங்கிள்டன், மஸ்வெல்புரூக் வட்டாரங்களில், கரி அதிக ஆழத்தில் இல்லை. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல அடுக்குகளாகக் கிடக்கிறது. இங்கே குடைவதைவிடத் திறந்து எடுப்பது மலிவு. முதலில் மேல்மண்ணை வழித்தெடுக்கிறார்கள். பிறகு பாறையில் துளையிட்டு வெடி வைத்து, ராட்சத இயந்திரங்களால் அதை அள்ளி ஒதுக்குகிறார்கள். கரி தெரிந்ததும் எடுக்கிறார்கள். 1970-களிலிருந்து இம்முறை வேகமாகப் பரவியது. அந்த வட்டாரத்திலேயே கட்டிய லிடல், பேஸ்வாட்டர் மின் நிலையங்களும் இந்தக் கரியை எரித்தன.

சட்டமும் மாறியது. பழைய பட்டாக்கள் பலவற்றில் நிலத்துக்கு அடியிலுள்ள கரியும் நிலக்காரருக்கே சொந்தமாக இருந்தது. 1981-ம் வருடச் சட்டத்தின் மூலம், 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து மாநிலத்திலுள்ள கரி முழுவதையும் அரசு தன் உடைமையாக்கிக் கொண்டது. நிலம் உழவர் பெயரில், கரி அரசு பெயரில், தோண்டும் உரிமை கம்பெனி பெயரில் என்று ஒரே இடத்துக்கு மூன்று பாத்தியதை ஏற்பட்டது.

தூசியும் வெடிச் சத்தமும் எட்டும் பக்கத்துப் பண்ணைகளையும் கம்பெனிகள் விலைக்கு வாங்கின. விற்றவருக்குப் பணம் கிடைத்தது. விற்காமல் இருந்தவருக்கு அக்கம்பக்கம் இல்லாமல் போயிற்று.

ஆற்றில் உப்பு

ஆயினும் நிலத்தைவிட முன்னதாக உழவர்களைத் திரட்டியது தண்ணீர்தான். கரிப் படுகைகளைச் சுற்றியுள்ள பாறைகளில் பழங்காலத்து உப்பு தங்கியிருக்கிறது. பள்ளம் ஆழமாகும்போது இந்த உப்புநீர் கசிந்து தேங்குகிறது. அதை இறைத்து வெளியேற்றாமல் சுரங்க வேலை நடக்காது. மின் நிலையங்களிலும் குளிர்விக்கும் நீர் ஆவியாக ஆக, மிஞ்சிய நீரில் உப்பு கூடுகிறது. இரண்டும் ஆற்றில்தான் விடப்பட்டன. கோடையில் ஆற்றில் நீர் குறைந்திருக்கும்போது கொஞ்சம் உப்புநீர் கலந்தாலும் பாசனத் தண்ணீர் கெட்டுவிடும். தண்ணீரில் உப்பு ஏறினால் இலை ஓரம் கருகுவதும், மண் இறுகி மகசூல் சரிவதும் நம் விவசாயிகள் அறிந்ததே.

இதற்கு 1995-ல் சோதனையாகத் தொடங்கி, 2002-ல் முறையான விதியாக்கப்பட்ட திட்டம் கவனிக்கத்தக்கது. ஆற்றில் ஒரு நாளில் ஓடும் நீரை ஒரு துண்டாகக் கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுக்கிறார்கள். ஆற்றில் நீர் குறைவாக ஓடும் நாளில் ஒரு சொட்டு உப்புநீரும் விடக்கூடாது. நீர் நிறைய ஓடும் நாளில் அந்தத் துண்டு எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு மட்டும் விடலாம். வெள்ளக் காலத்தில் கட்டுப்பாடு தளரும். ஆனால் அப்போதும் உப்பு எல்லையைத் தாண்டக் கூடாது.

அந்த எல்லை சிங்கிள்டனில் மின்கடத்தும் திறன் 900 மைக்ரோ சீமன்ஸ். மண் பரிசோதனை நிலையத்தில் தரும் கணக்கில் சொன்னால் 0.9 மில்லிமோ. மேலே டென்மன் ஊரில் இன்னும் கண்டிப்பாக 0.6 மில்லிமோ.

அனுமதிக்கப்படும் உப்பை யார் யார் எவ்வளவு விடுவது? இதற்காக மொத்தம் 1,000 உரிமைச் சீட்டுகள் உள்ளன. ஒரு சீட்டு வைத்திருப்பவர் அன்றைய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடலாம். தேவையில்லாதவர் தேவைப்படுகிறவருக்கு விற்கலாம். சீட்டின் ஆயுள் பத்து ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 200 சீட்டுகள் காலாவதியாகி, புதியவை ஏலத்துக்கு வரும். வாய்க்காலில் தண்ணீர் எடுக்க நாம் முறை வைக்கிறோம். அங்கே உப்பை விடுவதற்கு முறை வைத்திருக்கிறார்கள். உப்பு இதனால் மறைந்துவிடவில்லை. பாசனம் செய்பவரைப் பாதிக்காத நாளில் கடலுக்குப் போகிறது, அவ்வளவே. எனினும் சுரங்கமும் குதிரைமசாலும் ஒரே ஆற்றை நம்பி இருக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கிய காரணம்.

விற்க மறுத்தவர்கள்

நிலத்துக்கு இப்படி ஒரு சுமுக ஏற்பாடு காண முடியவில்லை. புல்கா என்ற சிற்றூரை எடுத்துக் கொள்வோம். ஊருக்கும் வார்க்வொர்த் சுரங்கத்துக்கும் நடுவே ஒரு மேடு தடுப்பாக நிற்கிறது. 2003-ல் அனுமதி வாங்கியபோது அந்த மேட்டைத் தொடுவதில்லை என்று சுரங்கத் தரப்பு ஒப்புக் கொண்டிருந்தது. பிறகு அதையும் தோண்ட அனுமதி பெற்றது. ஊரார் வழக்குத் தொடுத்து 2013-ல் வென்றார்கள். 2014-ல் மேல்முறையீட்டிலும் ஊராரே வென்றார்கள். அதற்குள் விதிகள் மாறின. புதிய விண்ணப்பம் போட்டு 2015-ல் சுரங்கம் அனுமதி வாங்கிவிட்டது. இரண்டு முறை வென்றும் தோற்ற ஊர் அது.

கேம்பர்வெல் அருகே பண்ணை வைத்திருந்த வெண்டி பௌமன் என்ற மூதாட்டியின் அனுபவம் வேறு. முன்பு ஒரு பண்ணையைச் சுரங்கத்துக்கு இழந்தவர் அவர். இரண்டாவது பண்ணையை விற்கவே மாட்டேன் என்று நின்றார். அவர் நிலத்தை வாங்கினால்தான் சுரங்கத்தை விரிவாக்கலாம் என்று 2014-ல் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. அவர் விற்கவில்லை, விரிவாக்கமும் நின்றது. 2017-ல் அவருக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, இரண்டு பெரிய குதிரைப் பண்ணைகளுக்கு அருகே வரவிருந்த டிரேட்டன் சவுத் சுரங்கத்துக்கும் திட்டக் கமிஷன் முடிவாக அனுமதி மறுத்தது. பெரும் பணம் படைத்த குதிரைப் பண்ணைகளின் வாதம் எடுபட்ட அளவுக்குச் சிறு கறவைப் பண்ணைகளின் வாதம் எடுபட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வரும் நிலம்

தோண்டிய இடத்தைச் சீராக்கித் தர வேண்டும் என்பது சட்டம். ஒதுக்கிய பாறையை மேடாகச் சமன் செய்து, பத்திரப்படுத்திய மேல்மண்ணைப் பரப்பிப் புல் விதைக்கிறார்கள். இந்த மேல்மண்தான் உயிர்நாடி. அதை நெடுநாள் குவித்து வைத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிரும் விதையும் அழிந்துபோகும். உடனுக்குடன் பரப்புவதே நல்லது. சீராக்கிய புல்தரையில் காளைக்கன்றுகளை மேய்த்துப் பார்த்த சோதனைகளில் எடை நன்றாகவே ஏறியிருக்கிறது. மேய்ச்சலுக்கு ஆகும். ஆனால் ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிய வைத்த ஆழமான வண்டலை எந்த இயந்திரமும் திரும்பச் செய்து கொடுக்காது. எடுத்த கரிக்கு ஈடாக நிரப்ப மண் போதாமல் பெரிய குழிகளும் மிஞ்சுகின்றன. நாளடைவில் அவற்றில் நீர் ஊறி, ஆவியாகி, உப்பு ஏறும்.

சுரங்கங்கள் இப்போது ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியிருக்கின்றன. மஸ்வெல்புரூக்கில் 1907-ல் தொடங்கிய சுரங்கம் 2022-ல் நின்றது. லிடல் மின் நிலையம் 2023 ஏப்ரலில் அணைந்தது. மவுன்ட் ஆர்தர் என்ற பெரிய சுரங்கத்தை 2030-ல் நிறுத்தப் போவதாக அதன் உரிமையாளர் அறிவித்திருக்கிறார். பண்ணைகளோடு சேர்த்துக் கம்பெனிகள் வாங்கிய ஆற்றுநீர் உரிமங்கள் இனி யாரிடம் போகும் என்று பாசனக்காரர்கள் கேட்கிறார்கள். மஸ்வெல்புரூக்கின் பழைய குழிக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதைக் கீழ்த் தேக்கமாக வைத்து, பக்கத்து மலைமேல் இன்னொரு தேக்கம் கட்டி, வெயில் நேரத்து மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது என்பதே அந்தத் திட்டம்.