வழி தவறிய வசந்தம்

தில்லி வீடுகளில் அக்டோபர், நவம்பரில் ஊன்றும் பெட்டூனியா, ஃப்ளாக்ஸ் நாற்றுகள் பூத்துக் குலுங்குவது பிப்ரவரி, மார்ச்சில். பல மாத உழைப்புக்குச் சில வாரப் பூ. அதற்கும் இப்போது உத்தரவாதம் இல்லை.

1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச், 2022இல் வந்தது. அப்படிப்பட்ட வெயிலில் குளிர்காலப் பூச்செடிகள் அவசரமாக விதை கட்டிக் கருகிவிடும். 2023இல் கதை வேறு. பிப்ரவரியின் பகல் வெப்பம் சாதனை படைத்தது. மார்ச்சிலோ வடமாநிலங்களில் மழை, ஆலங்கட்டி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு'களின் கைங்கரியம்.

காய்கறி போடுகிறவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரத் தொடங்கும். வெள்ளரி, பீர்க்கை விதைகள் குளிர்ந்த மண்ணில் முளைக்கச் சுணங்கும். தாமதித்தாலோ காய்க்கும் நேரத்தில் 'லூ' அனல்காற்று வந்துவிடும். கொடியில் ஆண் பூக்களே மிகும்.

தப்பிக்க வழி? எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போடலாம். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். முளைவிடும் தொட்டிகளை இரவில் வீட்டுக்குள் வைக்கலாம். வேருக்குச் சருகு மூடாக்கு. செடிக்கு மேல் நிழல்வலை. வெயிலோடு சிறு ஆலங்கட்டியையும் அது ஓரளவு தாங்கும்.

மாடித் தோட்டத்துக்கு இவை போதும். ஆனால் 2022 மார்ச் வெயிலில் வட இந்திய வயல்களில் கோதுமை மணிகளும் சுருங்கின. மே மாதம் மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வயலுக்கு வலை கட்ட முடியாது.