சங்கச் சிப்பந்தியின் குறையும் மேல்முறையீடும்

கூட்டுறவுச் சங்கம் என்றவுடன் நூல் கொடுப்பதும், நெய்த துணியை விற்பதும், உரமும் கடனும் வழங்குவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு சங்கமும் ஒரு முதலாளியுமாகும். எழுத்தர், விற்பனையாளர், எடையாளர், காவலர் எனச் சம்பளம் பெறும் சிப்பந்திகள் அங்கே பணிபுரிகின்றனர். அவர்களை நியமிப்பதும், குறை கேட்பதும், தவறு கண்டால் தண்டிப்பதும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. குழு இல்லாத காலத்தில் அது தனி அலுவலரைச் சேரும். அக்குழுவில் அமர்வோர் தறியிலிருந்தும் வயலிலிருந்தும் வந்த அங்கத்தினர்களே. ஆகவே குறை தீர்க்கும் முறையை அறிந்திருப்பது சிப்பந்திக்கு மட்டுமன்றி அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் கடமையாகும். முறை தவறிய விசாரணையால் ஒரு குடும்பத்தின் பிழைப்புக் கெடுகிறது. இறுதியில் அதன் செலவைத் தாங்குவதோ அங்கத்தினரின் பணம்.

இருவகைத் தாவாக்கள்

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குறிஞ்சிப்பாடியில் தறி நெய்யும் ஓர் அங்கத்தினருக்குப் பாவு நூல் குறைவாகக் கிடைத்தது என்றோ, கூலிக் கணக்குப் பிசகியது என்றோ வைத்துக் கொள்வோம். அது அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் இடையே எழும் தாவா. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-வது பிரிவின்படி அது பதிவாளரின் அதிகாரம் பெற்ற அலுவலர் முன் செல்லும். அத்தீர்ப்பின் மீது கூட்டுறவுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு.

சங்கச் சிப்பந்தி மீது எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கை வேறு வகையைச் சேர்ந்தது. 90-வது பிரிவு அதைத் தன் வரம்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்துள்ளது. ஆந்திரப் பிரதேசத்துக் கூட்டுறவு மத்திய வங்கி ஒன்றின் வழக்கில், சிப்பந்திகளின் வேலை நிலைமை பற்றிய தாவா சங்கத்தின் வியாபாரத்தைப் பற்றிய தாவா ஆகாது என்றும், அதைத் தொழில் தீர்ப்பாயமே விசாரிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1969-ல் தீர்ப்பளித்தது. அங்கத்தினர் ஏறும் படி வேறு, சிப்பந்தி ஏறும் படி வேறு என்பதை மறத்தலாகாது.

1958-ல் பிறந்த மாதிரி முறை

தொழிற்சங்கமும் நிர்வாகமும் செய்து கொள்ளும் ஒப்பந்தத்தில் சம்பளம், பஞ்சப்படி, விடுமுறை ஆகியவற்றோடு, குறைகளைத் தீர்க்கும் ஷரத்தும் இடம்பெற வேண்டும். சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் போன்ற நிறுவனத்தில் கரும்பு பயிரிடுவோர் அங்கத்தினர். அரைவை எந்திரத்தருகே நிற்போர் தொழிலாளர். ஒரு சிறு மனக்குறை முற்றி வேலை நின்றால், வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்து எடை குறையும். நஷ்டம் இரு சாராருக்கும் உரியது.

இத்தகைய நிலையைத் தவிர்க்கவே, இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் முயற்சியால் 1958-ல் ஒழுங்குமுறை விதித் தொகுப்பும், அதையொட்டி மாதிரிக் குறைதீர்ப்பு முறையும் உருவாயின. அதன் படிகள் இவை: தொழிலாளி முதலில் தமக்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் வாய்மொழியாகக் குறையைக் கூற வேண்டும், 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். திருப்தி இல்லையேல் இலாகாத் தலைவரிடம் செல்லலாம். அவர் 3 நாட்களில் விடை தருவார். அதன் பின் குறைதீர்ப்புக் குழு 7 நாட்களில் தன் சிபாரிசை நிர்வாகத்துக்கு அனுப்பும். நிர்வாகத்தின் முடிவும் ஏற்புடையதாக இல்லையேல், மறுபரிசீலனை கோரலாம். அதற்கு ஒரு வாரத்தில் பதில் கிடைக்க வேண்டும். இறுதியாகத் தொழிற்சங்கமும் நிர்வாகமும் இசைந்தால் மத்தியஸ்தரிடம் விடலாம்.

இம்முறையில் இரண்டு அம்சங்கள் கருதத்தக்கவை. மேலதிகாரியின் உத்தரவினால் குறை எழுந்தாலும், உத்தரவை முதலில் நிறைவேற்றிய பின்னரே முறையிட வேண்டும். வேலைநீக்கத்துக்கு இப்படிகள் பொருந்தா. நீக்கப்பட்டவர் ஒரு வாரத்துக்குள் நீக்கிய அதிகாரியிடமோ, குறிப்பிடப்பட்ட மேலதிகாரியிடமோ மேல்முறையீடு செய்ய வேண்டும். அமெரிக்க நாட்டில் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இருதரப்பையும் கட்டுப்படுத்தும் மத்தியஸ்தத் தீர்ப்பில் முடிகின்றன; எஃகுத் தொழிலாளர் வழக்குகள் மூன்றில் 1960-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அம்முறைக்கு வலுவூட்டியது. நம் நாட்டிலோ அரசாங்கத்தின் சமரச அதிகாரியும் தீர்ப்பாயமுமே கடைசிப் படிகளாக அமைந்துள்ளன.

இன்றைய சட்டம்

1958-ன் முறை மனமொத்த ஏற்பாடே. இன்று குறைதீர்ப்புக் குழு சட்டக் கடமையாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்து, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதன்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனம் ஒவ்வொன்றிலும் குறைதீர்ப்புக் குழு இருத்தல் வேண்டும். நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் அதில் சம எண்ணிக்கையில் இடம் உண்டு. மொத்தம் 10 பேருக்கு மேற்படலாகாது. பெண் தொழிலாளருக்கும் உரிய பிரதிநிதித்துவம் தர வேண்டும். தலைமைப் பதவி ஆண்டுக்கு ஒருமுறை தரப்பு மாறி வரும்.

குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குழு 30 நாட்களில் விசாரணையை முடிக்க வேண்டும். முடிவு திருப்தி தராவிடில், 60 நாட்களுக்குள் தொழிற்சங்கத்தின் வாயிலாகவோ வேறு வகையிலோ சமரச அதிகாரியை அணுகலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி சமரசத்துக்கு விண்ணப்பித்து 45 நாட்கள் கழிந்தபின் நேரே தீர்ப்பாயம் செல்லலாம். ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள் கடத்தலாகாது. பழைய சட்டத்தில் இக்கெடு 3 ஆண்டுகள். அதையே நினைவில் வைத்துக் காத்திருப்பவர் உரிமையை இழப்பார்.

ஒப்பந்தம் எங்கே கையெழுத்தாகிறது என்பதும் முக்கியம். இரு தரப்பாரும் தமக்குள் செய்து கொள்ளும் உடன்பாடு கையெழுத்திட்டவர்களையே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன் சமரச நடவடிக்கையின் போது ஏற்படும் உடன்பாடோ, தொழிற்சங்கத்தில் சேராதவரையும், பின்னர் வேலைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும்.

சிறு சங்கங்களின் நிலை

நம் பகுதியில் நான்கைந்து சிப்பந்திகளை மட்டும் கொண்ட சங்கங்களே அதிகம். அவற்றுக்கு மேற்சொன்ன குழு கட்டாயமன்று. ஆயினும் சிப்பந்திகளின் வேலை நிபந்தனைகளுக்கெனச் சங்கம் இயற்றும் சிறப்புத் துணைவிதி உண்டு. அதில் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பதில் தருவது, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்தல் நலம்.

ஒழுங்கு நடவடிக்கையில் நேரும் பிழைகள்

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். ஒரு நெசவாளர் சங்க விற்பனை நிலையத்தில் இருப்பு எடுத்தபோது 14 சேலைகள் குறைகின்றன எனக் கொள்வோம். மாதம் ரூ.16,000 பெறும் விற்பனையாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்கிறார்கள். 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அதாவது மாதம் ரூ.8,000 கொடுக்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் 180 நாட்கள் வரை முக்கால் பங்கு, ரூ.12,000. அதற்கும் மேற்பட்டால் முழுச் சம்பளம். தாமதம் சிப்பந்தியால் நேர்ந்ததாயின் பாதியே போதும். விசாரணையைத் தள்ளிப்போடும் குழு, வேலை வாங்காமலே முழுச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வரும் என்பது வெளிப்படை.

இனி விசாரணைக்கு வருவோம். குற்றச்சாட்டு இன்னதென்று நாள், பொருள், தொகை குறித்து எழுத்தில் கொடுக்க வேண்டும். விளக்கம் தர அவகாசம் அளிக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டைச் சிப்பந்தி பார்வையிடவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் இடம் தர வேண்டும். இருப்புக் குறைவைக் கண்டுபிடித்தவரே விசாரணை அதிகாரியாக அமர்தல் கூடாது. சாட்சியும் நீதிபதியும் ஒருவராக இருத்தல் நியாயத்துக்கு ஒவ்வாது. விசாரணை அறிக்கையின் நகலைத் தந்து, அதன்மீது சிப்பந்தியின் பதிலைக் கேட்ட பிறகே தண்டனை பற்றி முடிவெடுக்க வேண்டும். இதை 1993-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியுள்ளது.

இவற்றில் ஒன்றை விட்டுவிட்டு, ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டு நீக்கிவிட்டார்கள் எனக் கொள்வோம். நான்கு ஆண்டுகள் கழித்து அவ்வுத்தரவு ரத்தாகிப் பின்சம்பளம் முழுவதும் தரும்படி ஆனால், 48 மாதங்களுக்கு ரூ.7,68,000 ஆகும். தவறாக நீக்கப்பட்டவரை மீண்டும் அமர்த்தும்போது பின்சம்பளம் தருவதே பொது விதி என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 14 சேலைகளின் விலை எங்கே, இத்தொகை எங்கே! சேலைகளை உண்மையிலேயே அவர் எடுத்திருந்தாலும், முறை தவறியதால் சங்கம் தோற்கக்கூடும். அவர் நிரபராதியாயின், நான்கு ஆண்டுகள் ஒரு குடும்பம் பட்ட துன்பத்தை எந்தத் தொகையாலும் ஈடு செய்ய இயலாது. சங்கத்துக்கு நேர்ந்த நஷ்டத்தை வசூலிக்கக் கூட்டுறவுச் சட்டத்தின் 87-வது பிரிவில் தண்டத்தீர்வை நடவடிக்கை தனியே உண்டு. அதையும் ஒழுங்கு நடவடிக்கையையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

மேல்முறையீட்டு வழிகள்

தண்டிக்கப்பட்ட சிப்பந்தி முதலில் துணைவிதியில் கண்ட மேல்முறையீட்டைச் செய்ய வேண்டும். அடுத்து, கூட்டுறவுச் சட்டத்தின் 153-வது பிரிவின்படி சீராய்வு மனு கொடுக்கலாம். கடன் சங்கமாயின் கூட்டுறவுத் துறையிலும், நெசவாளர் சங்கமாயின் கைத்தறித் துறையிலும் பதிவாளர் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் அது செல்லும். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர் சமரச அதிகாரியை நாடலாம். 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு, 6 மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்குவதைத் தடுக்கிறது. அதன்கீழ் மேல்முறையீட்டுக்கு 30 நாட்களே கெடு. எவ்வழி தமக்குப் பொருந்தும் என்பதை முதலிலேயே ஆராய்ந்து ஒன்றைப் பற்றிக் கொள்வது நன்று.

நேரே உயர் நீதிமன்றம் செல்லலாமே எனச் சிலர் எண்ணுகின்றனர். சாதாரணமாகக் கூட்டுறவுச் சங்கத்தின் மீது நீதிப்பேராணை மனு நில்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2006-ல் தீர்ப்பளித்துள்ளது. சங்கம் சட்டக் கடமையை மீறிய சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே கீழ்ப்படியைத் தாண்டி மேற்படிக்குத் தாவ முயல்வோர் மீண்டும் கீழேயே வந்து நிற்க நேரும். அதற்குள் கெடுவும் கடந்துவிடும்.

சிப்பந்திகள் கவனிக்க வேண்டியவை

1. குறையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நாளிட்ட ஒப்பம் வாங்குக.
2. உத்தரவு கைக்கு வந்த நாளைக் குறித்து வைத்து, அன்றிலிருந்து கெடுவைக் கணக்கிடுக.
3. விசாரணைக்குச் செல்லாமல் இருந்துவிடற்க. ஆட்சேபணை இருப்பின் அதை அங்கேயே எழுத்தில் பதிவு செய்க.

குழுவினர் கவனிக்க வேண்டியவை

1. வந்த மனு ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்க.
2. ஏற்பதாயினும் மறுப்பதாயினும் காரணத்தை எழுதுக.
3. சம்பந்தப்பட்ட சிப்பந்திக்கு உறவினரோ பகைவரோ குழுவில் இருப்பின், அவர் அவ்விஷயத்தில் விலகி நிற்க.

நூலின் எண்ணையும் நெல்லின் ஈரத்தையும் அளந்து பார்த்தே ஏற்றுக்கொள்ளும் நாம், ஒருவரின் வேலையைப் பறிக்கும் உத்தரவையும் அவ்வாறே அளந்து பார்க்க வேண்டாமா? அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் உங்கள் சங்கத்தின் சிறப்புத் துணைவிதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குறை தீர்க்கும் படிகள் அதில் இல்லையெனில், அவற்றைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டு வாருங்கள். அது சிப்பந்திக்கும் பாதுகாப்பு, உங்கள் பங்குத் தொகைக்கும் பாதுகாப்பு.