அம்மாவின் தட்டிலும் ஒரு துண்டு மீன்



பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற நாளில் தாய்மார்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவது எமது வழக்கம். வெலிமடைப் பக்கத் தோட்டம் ஒன்றில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, "போன கிழமை வீட்டில் மீன் சமைத்தீர்களா?" என்று கேட்டோம். "சமைச்சோம் ஐயா, அரைக் கிலோ வாங்கினோம்" என்றார் ஒரு தாய். "உங்கள் தட்டில் எத்தனை துண்டு?" என்று கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தத் தாயும் சிரித்துக்கொண்டே, "நமக்குக் கொழம்பு போதுங்க ஐயா. அவருக்கும் புள்ளைகளுக்கும் வச்சா சரிதானே" என்றார்.

அப்போது அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. இரத்தம் குறைவு என்று மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் இம்முறை மீன் சமையலைப் பற்றி எழுதுகிறோம். சமைக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தர நாங்கள் வரவில்லை. உங்கள் கைப்பக்குவம் எங்களுக்குத் தெரியும். குறைந்த காசில் வாங்கிய மீன் வீட்டில் எல்லார் தட்டுக்கும் வரவேண்டும், அம்மா தட்டுக்கும் வரவேண்டும். அதற்கான இலகுவான வழிகள்தான் இவை.

மீன் ஏன் வேண்டும்?

2016 ஆம் ஆண்டு நடந்த குடிசன, சுகாதார ஆய்வில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. தோட்டப்புறத்தில் மட்டும் அது நூற்றுக்கு 32 பேர் அளவு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2022 ஆம் ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடியில் சாமான் விலை ஏறியபோது, பல வீடுகளில் முதலில் குறைந்தது மீனும் முட்டையும்தான்.

பிள்ளையின் வளர்ச்சி தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. தாய்க்கு இரத்தம் குறைந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். தாய்க்கும் மலையில் ஏறி இறங்க மூச்சு வாங்கும், தலை சுற்றும், கை கால் சோரும்.

100 கிராம் பச்சை மீன் சதையில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. மூன்று முட்டையில் உள்ள அளவு அது. மீனில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இலகுவாக ஏற்றுக்கொள்ளும். மீனோடு சேர்த்துச் சாப்பிடும் கீரை, பருப்பு, சோறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தும் கூடுதலாக உடம்பில் சேரும். நெத்தலி, சாளை போன்ற சின்ன மீனை முள்ளோடு மென்று சாப்பிட்டால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கல்சியமும் கிடைக்கிறது.

"தோரா மீன் விலையில நாங்க எங்கே போறது?" என்று கேட்பீர்கள். தோரா வேண்டாம். சத்துக்குச் சின்ன மீன் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அரைக் கிலோ பெரிய மீனில் ஐந்தாறு துண்டுதான் வரும், அதைப் பங்கு போடும்போது அம்மாவுக்கு இல்லாமல் போகிறது. அரைக் கிலோ சாளையில் பத்துக்கு மேல் மீன் இருக்கும். எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு வைக்கலாம்.

சந்தையில் பார்த்து வாங்குங்கள்

நமது ஊருக்குக் கடல் தூரம். வெலிமடை வழியாகப் போகும் பெருந்தெரு பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை எல்லாம் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் போய்ச் சேருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், தெற்கிலிருந்து வெல்லவாய ஏறி வந்தாலும், கொழும்புப் பக்கம் பேலியகொடை மொத்தச் சந்தையிலிருந்து வந்தாலும், மீன் பல மணி நேரம் லொறியில் இருந்துதான் வருகிறது. "நம்ம ஊரு குளிருதானே, மீன் கெடாது" என்று நினைக்காதீர்கள். ஐஸ் இல்லாத மீன் குளிர் ஊரிலும் கெட்டுப்போகும்.

நல்ல மீனின் கண் தெளிவாக இருக்கும், குழி விழுந்திருக்காது. செவுள் சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் சதை திரும்ப மேலே வரும். சின்ன மீனின் வயிறு வெடித்திருந்தால் வாங்காதீர்கள்.

சந்தைக்குப் போனதும் முதலில் மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு மரக்கறி, துணிமணி என்று இரண்டு மணி நேரம் சுற்றுவது சரியில்லை. மற்றச் சாமான்களை எல்லாம் வாங்கிவிட்டு மீனைக் கடைசியாக வாங்குங்கள். மீன்காரரிடம் ஒரு பிடி ஐஸும் கேட்டு வாங்குங்கள்.

பலயா, கெலவல்லா, லின்னா, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஒருவகை நஞ்சு உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்தது போல் சுறுசுறு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்தால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். மூச்சுவிடக் கஷ்டம் என்றால் ஒரு நிமிசமும் தாமதிக்க வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு இன்னொரு விசயம். சுறா, தலபத் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் கூடுதல். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அவற்றைத் தவிர்த்துச் சின்ன மீனைச் சாப்பிடுங்கள்.

முதலாவது: கொறக்கா போட்ட சாளை

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டுக்கு ஏற்ற சமையல் இது.

அரைக் கிலோ சாளையைத் தலையும் குடலும் நீக்கி, உப்புத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவுங்கள். நான்கைந்து துண்டு கொறக்காவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அம்மியில் அரையுங்கள். அதோடு இரண்டு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு, தட்டிய பூண்டு நான்கு பல், ஒரு சிறு துண்டு இஞ்சி சேர்த்து மீனில் பூசுங்கள். மண்சட்டியின் அடியில் கறிவேப்பிலையும் ரம்பை இலையும் போட்டு, மீனை நெருக்கி அடுக்கி, ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி மூடுங்கள். கொதித்ததும் விறகை இழுத்துவிட்டுத் தணலில் தண்ணீர் வற்றும்வரை வையுங்கள். கரண்டி போட்டுக் கிண்டவேண்டாம், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். மலையிலிருந்து வந்து அடுப்பில் வைத்தால், மேல் கழுவிவிட்டு வருவதற்குள் வெந்துவிடும்.

புளியும் உப்பும் பிடித்துத் தண்ணீர் வற்றியிருப்பதால் அடுத்த நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். காலையிலும் மாலையிலும் நன்றாகச் சூடாக்க வேண்டும். முள் மெதுவாகிவிடும், பெரியவர்கள் அப்படியே மென்று சாப்பிடலாம்.

இரண்டாவது: நெத்தலியும் உருளைக்கிழங்கும்

சம்பளத்துக்கு முந்தின கிழமையில் கை கொடுப்பது நெத்தலிக் கருவாடு. கிழங்கும் லீக்ஸும் நமது வெலிமடையில் விளைகிறது. இந்தக் கறிக்கு அவை இரண்டும் பொருத்தம்.

100 கிராம் நெத்தலியைத் தலை கிள்ளி, இளஞ்சுடுதண்ணீரில் பத்து நிமிசம் ஊறவைத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தரம் கழுவுங்கள். உப்பும் மண்ணும் போய்விடும். பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நெத்தலியை முறுகவிட்டு எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த காய்ந்த மிளகாய் போட்டு வதக்கி, அவித்த கிழங்கு நான்கை வெட்டிப் போடுங்கள். வெட்டிய லீக்ஸ் ஒரு பிடி சேருங்கள். கடைசியில் நெத்தலியைக் கொட்டிக் கிளறி இறக்குங்கள். ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். இறக்கிய பின் அரைத் தேசிக்காய் பிழிந்தால் வாசமும் நல்லது, இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும்.

இந்தக் கறியில் நெத்தலி எல்லா இடமும் கலந்திருக்கும். கரண்டியில் அள்ளினால் யார் தட்டுக்கும் வரும். காலையில் ரொட்டிக்குள் வைத்து மலைக்கும் கொண்டுபோகலாம்.

மூன்றாவது: டின் மீன் பிரட்டல்

அவசரத்துக்கு ஒரு டின் மீன். டின் உப்பியிருந்தாலோ, துருப்பிடித்திருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். முடியும் திகதியையும் பாருங்கள், எழுத்துச் சின்னதாக இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை வடித்து, மீனை முள்ளோடு கையால் மசியுங்கள். நடுமுள்ளை வெளியே எறிந்துவிடாதீர்கள். டின்னுக்குள்ளேயே அது வெந்து மெதுவாகியிருக்கும். கல்சியம் அதில்தான் இருக்கிறது. வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி வதக்கி, கொஞ்சம் கறித்தூள் போட்டு, அவித்து மசித்த கிழங்கு இரண்டு மூன்றையும் மீனையும் சேர்த்துப் பிரட்டுங்கள். பத்து நிமிச வேலை. மிச்சம் இருந்தால் டின்னிலேயே வைக்காமல் வேறு ஏனத்துக்கு மாற்றி, அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

நான்காவது: பிள்ளைகளுக்குத் திலாப்பியாச் சொதி

திலாப்பியா நமது நாட்டுக்கு 1952 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட மீன். இன்றைக்கு மகியங்கனைப் பக்கத்துக் குளங்களிலும் பிடிபடுகிறது. "சேத்து வாடை அடிக்குது" என்று சிலர் வாங்குவதில்லை. உப்பு, மஞ்சள், தேசிக்காய்ப் புளி போட்டுப் பிசறி, பத்து நிமிசம் வைத்துக் கழுவினால் வாடை குறைந்துவிடும்.

துண்டு போட்ட மீனோடு வெங்காயம், பூண்டு, மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், இரண்டாம் பால் சேர்த்து அவியுங்கள். மீன் வெந்ததும் தலைப்பால் ஊற்றி, ஒரு கொதி வரும்போது இறக்கி, தேசிக்காய் பிழியுங்கள். உறைப்பு வேண்டாம். பெரியவர்களுக்கு வேண்டுமானால் கீறின பச்சைமிளகாயைத் தனியாகத் தொட்டுக்கொள்ளலாம்.

ஆறு மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கும் பிள்ளைக்கும் மீன் கொடுக்கலாம். முள்ளை எல்லாம் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, குழைத்த சோற்றோடு மசித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். "மீன் குடுத்தா பூச்சி வரும், மாந்தம் வரும்" என்று பாட்டிமார் சொல்லுவார்கள். அவர்கள் மனம் நோகாமல் விளக்கிச் சொல்லுங்கள். நன்றாக வெந்த புது மீனால் பூச்சி வராது. சந்தேகம் இருந்தால் குடும்ப நல மாதுவிடம் கேளுங்கள்.

தேத்தண்ணி கொஞ்சம் பொறுக்கட்டும்

தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நமக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லவேண்டும். சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைச் சாயம் பிடித்துக்கொள்ளும், அது உடம்பில் சேராமல் போய்விடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தண்ணீரில் விழுங்குங்கள்.

மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் லயத்துக் காணில் கொட்டவேண்டாம். ஈ மொய்க்கும், நாய் இழுக்கும். வீட்டுத்தோட்டத்தில் ஒரு முழக் குழி தோண்டிப் புதைத்தால் செடிக்கு நல்ல பசளை.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

நாங்கள் சொன்ன நான்கு கறிகளும் இலகு. பங்கு போடுவதுதான் கஷ்டம். எத்தனை வகையாகச் சமைத்தாலும், அம்மா கடைசியாக உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டால் அவர் உடம்பில் இரத்தம் ஊறாது. அவராகத் தனக்கு எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் வீட்டில் உள்ள ஆண்கள்தான் இதைச் செய்யவேண்டும். மீன் சமைத்த நாளில் சட்டியை இறக்கியதும், யாரும் சாப்பிட உட்காருமுன் அம்மாவின் பங்கை ஒரு தட்டில் போட்டு மூடி வையுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் ஒரு மீன் கூட வையுங்கள். பொம்பளைப் பிள்ளைக்கும் ஆம்பளைப் பிள்ளைக்கும் ஒரே அளவு வையுங்கள்.

நாம் முதலில் சொன்ன அந்தத் தாயின் வீட்டுக்காரரிடமும் இதைத்தான் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் இத்தன நாளா அவ தட்டப் பார்த்ததே இல்லைங்க ஐயா" என்றார்.

இன்றைக்கு இரவு நீங்களும் பாருங்கள்.