எக்செல்லில் தமிழ் ‘உடைவது’ ஏன்? 16 அணா கணக்கு தெரிந்தால் புரிந்துவிடும்!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். பணியாளர்களின் ஊர்ப் பட்டியல் தமிழில் சிஎஸ்வி ஃபைலாக மெயிலில் வருகிறது. எக்செல்லில் திறந்தால் ‘கொமரலிங்கம்’ இருக்க வேண்டிய கட்டத்தில், தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று வரிசையாக ஏதேதோ குறிகள். “ஃபான்ட் இல்லை போல” என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் இது எண்களில் நடக்கும் குழப்பம்.

எழுத்துக்கு எதற்கு எண்?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். அதனால் யூனிகோட் என்ற உலகப் பொது முறை, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

இதில் ‘க’ எழுத்தின் எண் 2965. ஆனால் யூனிகோட் அட்டவணையில் அது 0பி95 என்று இருக்கும். இரண்டும் ஒரே எண்தான். எழுதும் முறைதான் வேறு.

ஹெக்ஸாடெசிமல்: தாத்தா காலத்து அணா கணக்கு

நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். இது டெசிமல். ஹெக்ஸாடெசிமலில் பதினாறு பதினாறாக எண்ண வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. 15 அணாவுக்கு மேல் ஓர் அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். அதே கதைதான் இங்கும்.

ஒரே சிக்கல், 10 முதல் 15 வரை ஒற்றை இலக்கம் வேண்டும். அதற்கு ஆங்கில எழுத்துகளைக் கடன் வாங்குகிறார்கள்: ஏ = 10, பி = 11, சி = 12, டி = 13, இ = 14, எஃப் = 15. ஆக ‘1எஃப்’ என்றால் ஒரு ரூபாய் 15 அணா, அதாவது மொத்தம் 31 அணா. சிம்பிள்!

‘க’வை மாற்றிப் பார்ப்போம்

ஹெக்ஸாவில் இருந்து டெசிமல்: வலமிருந்து இடமாக 1, 16, 256 என்று மதிப்பு ஏறும். பி95 = (11 × 256) + (9 × 16) + 5 = 2816 + 144 + 5 = 2965.

டெசிமலில் இருந்து ஹெக்ஸா: 16-ஆல் வகுத்து மீதியைக் குறியுங்கள். 2965-ஐ வகுத்தால் ஈவு 185, மீதி 5. 185-ஐ வகுத்தால் ஈவு 11, மீதி 9. மிஞ்சிய 11 என்பது பி. கீழிருந்து மேலாகப் படித்தால் பி95.

ஹெக்ஸாவில் இருந்து பைனரி: பைனரியில் 0, 1 மட்டும்தான். ஹெக்ஸாவின் ஒவ்வோர் இலக்கமும் சரியாக நான்கு பைனரி இலக்கங்கள். அவற்றின் மதிப்பு 8, 4, 2, 1. பி = 8+2+1 = 1011. 9 = 8+1 = 1001. 5 = 4+1 = 0101. சேர்த்தால் 1011 1001 0101. புரோகிராமர்கள் ஹெக்ஸாவை விரும்பக் காரணம் இதுதான்: நீளமான பைனரிக்கு அது ஒரு சுருக்கெழுத்து.

பைனரியில் இருந்து ஆக்டல்: இது எட்டுக் கணக்கு. வலமிருந்து மூன்று மூன்றாகப் பிரியுங்கள்: 101 110 010 101. விடை 5625. லினக்ஸில் ஃபைல் அனுமதிக்கு ‘755’ என்று தட்டுகிறார்களே, அது ஆக்டல்தான். 7 = 111: படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். 5 = 101: படிக்கலாம், இயக்கலாம்; எழுத முடியாது.

விண்டோஸ் கால்குலேட்டரில் ‘புரோகிராமர்’ மோடுக்குப் போனால் நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

சரி, தமிழ் உடைந்தது எப்படி?

ஃபைல்களில் பரவலாகப் பயன்படுவது யுடிஎஃப்-8 முறை. அது ‘க’வின் பைனரியை 0000, 101110, 010101 என மூன்றாக உடைத்து, முன்னால் 1110, 10, 10 என்ற அடையாளங்களை ஒட்டுகிறது. கிடைக்கும் மூன்று பைட்டுகள், ஹெக்ஸாவில்: இ0, ஏஇ, 95.

எக்செல் இதை யுடிஎஃப்-8 என்று கண்டுகொள்ளாமல் பழைய மேற்கத்திய முறையில் படித்தால், ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். அங்கே இ0 என்பது கோடு போட்ட ‘ஏ’. ஏஇ என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் உள்ள எல்லாமே இ0-வில்தான் தொடங்கும். அதனால்தான் அந்த ‘ஏ’ வரிசைகட்டி வருகிறது.

‘கொ’வில் இருக்கும் இன்னொரு வில்லங்கம்

‘கொமரலிங்கம்’ நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 11 எண்கள், யுடிஎஃப்-8-ல் 33 பைட். ஆனால் ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் (0பிசிஏ) வைக்கலாம், ஒற்றைக்கொம்பு (0பிசி6), துணைக்கால் (0பிபிஇ) என இரண்டாகவும் வைக்கலாம். இரண்டாவது வகையில் 12 எண்கள், 36 பைட். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் எண்களை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு இவை இரண்டு வேறு ஊர்கள்! ஒரு பட்டியலில் இருப்பவர் இன்னொன்றில் தேடும்போது காணாமல் போவார். இதைச் சரிசெய்ய, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘நார்மலைசேஷன்’ இருக்கிறது. தமிழ் டேட்டாவைக் கையாளும் டெவலப்பர்கள் மறக்கக் கூடாத படி இது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

* உடைந்த எழுத்தைப் பார்த்தால் ‘சேவ்’ கொடுக்காதீர்கள். ஃபைலை மூடிவிடுங்கள்.
* எக்செல்லில் ‘டேட்டா’ மெனு வழியாக சிஎஸ்வியை இறக்குமதி செய்து, ‘65001: யூனிகோட் (யுடிஎஃப்-8)’ என்பதைத் தேர்வு செய்யுங்கள்.
* விநோதக் குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பைட்டுகள் உள்ளே இன்னும் இருக்கின்றன. தவறாகப் படிக்கப்படுகின்றன, அவ்வளவுதான்.
* வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால், எல்லா எழுத்தும் 63 என்ற ஒரே எண்ணாக மாறிவிட்டது என்று அர்த்தம். அந்த ஃபைலில் ஊர்ப் பெயர் இனி இல்லை. மெயிலில் வந்த ஒரிஜினலைத்தான் தேட வேண்டும்.